ஒரே ஓட்டம், மூன்று திரைகள்: இணையத்தில் டிரிஃப்ட் போட்டி நடத்திய அனுபவம்

கார்ப் பந்தயத்தை வீடியோ கேமில் நடத்துவது பெரிய காரியமில்லை. யார் முதலில் கோட்டைத் தாண்டினாரோ அவர் வென்றார். கணினியே நேரம் கணக்கிட்டுச் சொல்லிவிடும். டிரிஃப்டிங் வேறு வகை. பின்சக்கரங்கள் வழுக்க, காரைக் குறுக்காகத் திருப்பி வைத்துக்கொண்டே வளைவைக் கடப்பதுதான் ஆட்டம். வேகமாக வந்தவர் தோற்றுப்போகலாம். நடுவர்கள் பார்த்து, இன்னார் நன்றாக ஓட்டினார் என்று சொன்னால்தான் வெற்றி. ஆகவே அதை இணையத்தில் நடத்தும்போது, அந்த நடுவர்கள் பார்ப்பது உண்மையில் எதை என்பதே பெரிய கேள்வியாக வந்து நிற்கிறது. அம்பத்தூரில் என் வீட்டு மாடியறையிலிருந்து நண்பர்களோடு சேர்ந்து 16 பேர் மோதிய ஒரு போட்டியை நடத்தி முடித்தோம். அடுத்து நடத்த நினைப்பவர்களுக்குக் கையில் தமிழில் ஒரு பதிவு இருக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

சென்னைக்கு மோட்டார் பந்தயம் புதிதில்லை. சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எங்கள் தெருப் பெரியவர்கள் நிறுத்த மாட்டார்கள். 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தடம் இருக்கிறது. 2024 ஆகஸ்ட் கடைசியில் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் தெருத் தடத்தில் இரவுப் பந்தயமே நடந்தது. ஆனால் டிரிஃப்ட் பழக வேண்டும் என்று ஆசைப்படும் ஒரு கல்லூரி மாணவனுக்கு இவை எதுவும் எட்டாது. கார் வேண்டும், அதைக் குறுக்கே திருப்ப இடம் வேண்டும், ஒரு மாலைப் பயிற்சியில் தேய்ந்துபோகும் டயர்களுக்குப் பணம் வேண்டும். இதெல்லாம் இல்லாதவர்களில் சிலர் நள்ளிரவில் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போகிறார்கள். அங்கே என்ன நடக்கிறது என்பதை மறுநாள் செய்தித்தாளில் படிக்கிறோம். அந்த ஆசைக்கு வேறு இடம் அமைத்துக் கொடுக்க வேண்டும் என்பதுதான் எனக்கு உந்துதல்.

நாங்கள் எடுத்துக்கொண்டது அசெட்டோ கோர்சா. இத்தாலியின் குனோஸ் சிமுலாசியோனி 2014 டிசம்பரில் வெளியிட்டது. பழைய விளையாட்டுதான், ஆனாலும் டிரிஃப்ட் ஓட்டுபவர்கள் இன்னும் இதை விடவில்லை. டயர் வழுக்கும்போது ஸ்டீயரிங் கையில் தரும் உணர்வு ஒரு காரணம். சுமாரான கணினியிலும் ஓடும் என்பது இன்னொரு காரணம். சொந்தமாக சர்வர் வைத்து நடத்த அதற்கான மென்பொருளும் விளையாட்டுடனேயே வருகிறது. இதே வரிசையில் பின்னால் வந்த காம்பெட்டிசியோனே, ஜிடி பந்தயக் கார்களுக்கானது, நமக்கு உதவாது.

எல்லோருக்கும் ஒரே கார்: பிஎம்டபிள்யூ எம்3 இ92 டிரிஃப்ட். இது அடிப்படை விளையாட்டிலேயே இருப்பதால் யாரும் தனியாகப் பணம் கொடுத்து எதையும் வாங்க வேண்டியதில்லை. விருப்பப்பட்ட காரை எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தால் பார்க்க வண்ணமயமாக இருந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் இருவர் ஜோடியாக ஓடும்போது ஒரு கார் மற்றதைவிட வேகமாக இருந்தால், துரத்துகிறவரின் திறமை எது, இஞ்சினின் பலம் எது என்று நடுவரால் பிரிக்க முடியாது. முதல் போட்டிக்கு ஒரே கார்தான் சரி என்பதில் இன்றும் உறுதியாக இருக்கிறேன்.

தடம் மட்டும் ரசிகர்கள் உருவாக்கி இலவசமாகத் தரும் ஒன்று. நீண்ட இடது வளைவு, அங்கிருந்து சட்டென்று திசை மாற்றம், பிறகு இறுக்கமான வலது கொண்டை ஊசி வளைவு; ஓட்டம் அவ்வளவுதான். இப்படி வெளியிலிருந்து எடுக்கும் தடத்தில் ஒரு சிக்கல் உண்டு: ஆளுக்கொரு பதிப்பை வைத்திருப்பார்கள். சர்வரில் அந்தத் தடத்தின் தரைப்பரப்பு விவரக் கோப்பையும் காரின் தரவுக் கோப்பையும் வைத்துவிட்டால், இணையும் ஒவ்வொருவரின் கோப்போடும் அதை ஒப்பிட்டு, ஒரு எழுத்து மாறியிருந்தாலும் வெளியேற்றிவிடும். ஏமாற்றுவதைத் தடுக்கவும் இதுவே வழி. காரின் எடையைக் குறைத்தோ டயரின் பிடிமானத்தைக் கூட்டியோ யாரும் உள்ளே வர முடியாது. நாங்கள் தடத்தை ஒரே சுருக்கக் கோப்பாக்கி எல்லோருக்கும் ஒரே இணைப்பிலிருந்து கொடுத்தோம். "அண்ணா, உள்ளே போன உடனே வெளியே தள்ளுகிறது" என்று டிஸ்கார்ட் அரட்டைச் செயலியில் வந்த புகார்களில் பெரும்பாலானவை, பழைய பதிப்பை அழித்துவிட்டுப் புதியதைப் போட்டதும் தீர்ந்துபோயின.

சர்வர்

வீட்டுக் கணினியையே சர்வராக வைக்கலாமே என்று பலர் கேட்டார்கள். இங்கே வீட்டு இணைப்புகள் பலவற்றுக்குத் தனி ஐபி முகவரி கிடைப்பதில்லை. ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள். ரூட்டரில் எந்த வாசலை (போர்ட்) திறந்து வைத்தாலும் வெளியிலிருந்து வருபவர் உங்கள் கணினியை வந்தடைய மாட்டார். அதனால் மும்பைத் தரவு மையம் ஒன்றில் சிறிய லினக்ஸ் சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். இரண்டு கோர், 2 ஜிபி நினைவகம் போதும். படத்தை வரையும் கனமான வேலை முழுவதும் ஓட்டுநர்களின் கணினிகளில்தான் நடக்கிறது, சர்வர் கார்களின் நிலையை வாங்கிப் பகிர்கிறது. 9600 என்ற வாசலை டிசிபி, யுடிபி என்ற இரண்டு தகவல் அனுப்பும் முறைகளுக்கும் திறக்க வேண்டும், 8081-ஐ டிசிபிக்கு. யுடிபியை மறந்துவிட்டால் சர்வர் பட்டியலில் தெரியும், ஆனால் யாராலும் ஓட்ட முடியாது.

அதே சர்வரில் வேறு வாசல் எண்களில் விளையாட்டின் சர்வர் மென்பொருளை இரண்டாவது முறையாகவும் ஓட விட்டோம். ஒன்று பயிற்சிக்கு, எப்போதும் திறந்திருக்கும். மற்றது போட்டிக்கு, கடவுச்சொல் போட்டது. போட்டி சர்வரின் ஓட்டுநர் பட்டியலில் ஒவ்வொருவரின் ஸ்டீம் (விளையாட்டை வாங்கி இயக்கும் தளம்) அடையாள எண்ணையும் எழுதி, அவரவர் இடத்தை உறுதிசெய்துவிட்டால் ஒருவர் இடத்தில் இன்னொருவர் வர முடியாது.

அமைப்புக் கோப்பில் நாங்கள் கவனம் செலுத்தியவை சில. கார் வழுக்காமல் காக்கும் டிராக்ஷன் கட்டுப்பாடு, ஏபிஎஸ், நிலைத்தன்மை உதவி மூன்றும் முழுக்க நிறுத்தம். தானியங்கி கிளட்ச் மட்டும் அனுமதி, ஏனென்றால் கிளட்ச் பெடல் இல்லாத ஸ்டீயரிங் வைத்திருப்பவர்கள் பலர். சேதம் 0, எரிபொருள் செலவு 0, டயர் தேய்மானம் 0. டயரைச் சூடாக வைத்திருக்கும் போர்வைக்கு அனுமதி. தடத்தின் பிடிமானம் 100 சதவீதம், அதில் தற்செயல் மாற்றம் 0. காலை ஓடியவருக்கும் இரவு ஓடியவருக்கும் தரை ஒன்றாக இருக்க வேண்டும். பந்தயப் பிரிவு எதையும் சேர்க்காமல், நீண்ட பயிற்சிப் பிரிவை மட்டும் வைத்தோம். இருவர் கிளம்பி ஓடி முடித்து நிறுத்துமிடத்துக்குத் திரும்ப, அடுத்த ஜோடி வரும்.

கடைசியாக ஒன்று, இதுதான் முக்கியம்: ஒவ்வொரு கணினியும் தன் காரின் நிலையை சர்வருக்கு நொடிக்கு எத்தனை முறை அனுப்ப வேண்டும் என்ற எண். எங்கள் கோப்பில் அது 18 என்று இருந்தது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் கார் நொடிக்கு 22 மீட்டர் போகிறது. நொடிக்கு 18 தகவல் என்றால் இரண்டு தகவல்களுக்கு நடுவே கார் 1.2 மீட்டர் நகர்ந்துவிடும். சாதாரணப் பந்தயத்தில் இதைக் கண்டுகொள்ள வேண்டியதில்லை. டிரிஃப்டில் முன் காரின் கதவுக்கும் பின் காரின் மூக்குக்கும் நடுவே ஒரு மீட்டர் விடுவதே அதிகம் என்று நினைப்பார்கள். அதை 36 ஆக்கினோம். ஒரே நேரத்தில் தடத்தில் இரண்டு கார்கள் மட்டுமே ஓடுவதால் சர்வருக்கும் ஓட்டுநர்களின் இணைப்புக்கும் இது சுமையாக இல்லை.

மதிப்பெண்

டிரிஃப்ட் ஜப்பானில் மலைச்சாலைகளில் பிறந்தது. அதைப் போட்டியாக வளர்த்ததில் கெய்ச்சி சுச்சியாவுக்குப் பெரிய பங்கு உண்டு; அவரும் சேர்ந்து தொடங்கிய டி1 கிராண்ட் பிரீ 2000-இல் முதல் போட்டியை நடத்தியது. அமெரிக்காவின் ஃபார்முலா டிரிஃப்ட் 2004 முதல் நடக்கிறது. விதிகளை நாங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவதிலிருந்து எடுத்துக்கொண்டோம். முதலில் தகுதிச் சுற்று: ஒவ்வொருவரும் தனியாக ஓடுவார், 100 மதிப்பெண். போக வேண்டிய பாதையில் போனாரா என்பதற்கு 40, காரின் கோணத்துக்கு 30, துணிச்சலும் ஓட்டத்தின் ஒழுங்கும் சேர்ந்த பாணிக்கு 30. இந்தப் பிரிப்பு மட்டும் எங்களுடையது. பாதைக்குக் கூடுதலாகக் கொடுத்ததற்குக் காரணம், அதுதான் எல்லோருக்கும் தெரியும்படி அளக்கக்கூடியது. இடது வளைவின் வெளி ஓரத்தில் வண்ணம் தீட்டிய பட்டை ஒன்று இருக்கிறது. பின்சக்கரம் அதன் மேல் போக வேண்டும். கொண்டை ஊசி வளைவின் உள்முனையில் ஒரு கம்பம். முன் பம்பர் அதை உரசுகிற மாதிரி போக வேண்டும்.

விளையாட்டுக்குள்ளேயே டிரிஃப்ட் புள்ளிகள் எண்ணும் வசதி இருக்கிறது. அதை எடுத்துக்கொள்ளுங்கள், சண்டை வராது என்று நண்பர்கள் வற்புறுத்தினார்கள். அந்த எண்ணிக்கை எங்கே வழுக்கினாலும் புள்ளி கொடுக்கும். வெளிப் பட்டையைத் தொடாமல் தடத்தின் நடுவிலேயே ஆடிக்கொண்டிருப்பவருக்கும் அள்ளிக் கொடுக்கும். மனிதக் கண்தான் வேண்டும் என்று முடிவு செய்தோம்.

மூன்று நடுவர்கள். அவர்களில் ஒருவர் இருங்காட்டுக்கோட்டையில் கொடி பிடித்து மார்ஷலாக நின்றவர், வயதில் மூத்தவர், எங்கள் எல்லோருக்கும் சார். அவர் போட்ட ஒரு நிபந்தனை போட்டி முழுவதையும் காப்பாற்றியது. "நாங்கள் மூவரும் ஒருவர் பேசுவதை ஒருவர் கேட்கக் கூடாது. ஆளுக்கொரு அறை. முடிவை எழுதி ஒரே நேரத்தில் அனுப்ப வேண்டும். முதலில் பேசியவர் பக்கம் மற்ற இருவரும் சாய்வதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், தம்பி." அப்படியே செய்தோம். ஜோடி ஓட்டத்தில் ஒவ்வொரு நடுவரும் இவர், அவர், அல்லது இன்னொரு முறை ஓடுங்கள் என்று மூன்றில் ஒன்றை எழுதுவார். இருவர் சொன்னது தீர்ப்பு. பெரும்பான்மை கிடைக்காவிட்டாலும் மறு ஓட்டம்தான்.

ஜோடி ஓட்டம் இரண்டு பகுதி. முதலில் ஒருவர் முன்னே போவார், மற்றவர் துரத்துவார். பிறகு இடம் மாறுவார்கள். முன்னே போகிறவர் தகுதிச் சுற்றில் ஓடியதைப் போலவே சரியாக ஓட வேண்டும். துரத்துகிறவர் அவருடைய கோணத்தை அப்படியே பிரதிபலித்து, எவ்வளவு ஒட்டிப் போக முடியுமோ அவ்வளவு ஒட்டிப் போக வேண்டும். இந்த ஒட்டிப் போவதில்தான் இணையம் குறுக்கே வருகிறது.

மூன்று திரைகள்

எங்கள் போட்டிக்குச் சென்னை, மதுரை, ஓசூர், யாழ்ப்பாணம், சிங்கப்பூர் என்று பல இடங்களிலிருந்து பதிவு செய்திருந்தார்கள். மும்பை சர்வருக்குத் தகவல் போய்வர எடுத்துக்கொள்ளும் நேரம் ஆளுக்கு ஆள் மாறும். சென்னையில் இருப்பவருக்கு 30 மில்லிசெகண்ட், சிங்கப்பூரில் இருப்பவருக்கு 70 என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கப் பயணத்துக்குப் பாதி: 15, 35.

சிங்கப்பூர்க்காரர் முன்னே போகிறார், சென்னைக்காரர் துரத்துகிறார். இருவரும் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம். முன் கார் எங்கே இருக்கிறது என்ற செய்தி சிங்கப்பூரிலிருந்து மும்பை போய், அங்கிருந்து சென்னை வர 50 மில்லிசெகண்ட் ஆகிறது. அதற்குள் அந்தக் கார் 1.1 மீட்டர் நகர்ந்திருக்கும். அதாவது துரத்துகிறவர் தன் திரையில் ஒரு மீட்டர் இடைவெளியில் ஒட்டிக்கொண்டு போகும்போது, உண்மை இடைவெளி 2.1 மீட்டர். முன்னே போகிறவர் தன் திரையில் திரும்பிப் பார்த்தால், அங்கே பின் கார் 50 மில்லிசெகண்ட் பழையது; ஆகவே 3.2 மீட்டர் தள்ளித் தெரியும். ஒரே ஓட்டம்தான். ஒருவருக்கு ஒரு மீட்டர், இன்னொருவருக்கு மூன்று மீட்டருக்கு மேல்.

நடுவர் மூன்றாவது திரையில் பார்க்கிறார். அவருக்கு சிங்கப்பூர்க் கார் 35 மில்லிசெகண்டும் சென்னைக் கார் 15 மில்லிசெகண்டும் தாமதமாக சர்வரை வந்தடைகின்றன. சர்வரிலிருந்து அவர் வரை ஆகும் நேரம் இரண்டுக்கும் பொது. முன் கார் 20 மில்லிசெகண்ட் கூடுதலாகப் பின்தங்கித் தெரிவதால், அவர் பார்ப்பது சுமார் 1.7 மீட்டர். இப்போது இடம் மாற்றுங்கள். சென்னைக்காரர் முன்னே, சிங்கப்பூர்க்காரர் துரத்துகிறார், அவரும் தன் திரையில் அதே ஒரு மீட்டரைப் பிடித்து ஓட்டுகிறார். உண்மை இடைவெளி மறுபடியும் 2.1 மீட்டர்தான். ஆனால் நடுவர் திரையில் இம்முறை பின் கார்தான் கூடுதலாகத் தாமதமாகிறது, இடைவெளி 2.5 மீட்டருக்கு மேல் தெரியும். இருவரும் சமமாக ஓட்டியிருக்கிறார்கள். நடுவர் கண்ணுக்கு சென்னைக்காரர் 90 சென்டிமீட்டர் நெருக்கமாக ஓட்டியவர். சர்வருக்கு அருகில் குடியிருப்பதற்கு நாம் மதிப்பெண் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இந்தக் கணக்கை நான் தாளில் போட்டுக் காட்டியபோது குழுவில் பாதிப் பேர் நம்பவில்லை. வேளச்சேரியில் இருக்கும் நண்பரையும் சிங்கப்பூரில் இருக்கும் அவருடைய தம்பியையும் பயிற்சி சர்வரில் ஓட விட்டோம். நீண்ட இடது வளைவில், துரத்துகிறவர் தன் திரையில் கதவோடு கதவு சேர்த்துப் போனார். இரு திரைகளையும் பதிவு செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். முன்னே போனவரின் திரையில் பின் கார் கிட்டத்தட்ட அரைக் கார் நீளம் பின்னால் இருந்தது. பின் காரின் மூக்கு, முன் காரின் பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால்தான் முடிந்தது. அதன் பிறகு யாரும் விவாதிக்கவில்லை.

விளையாட்டு இதைக் கொஞ்சம் மறைக்க முயல்கிறது. கடைசியாக வந்த வேகத்தையும் திசையையும் வைத்து, கார் இப்போது எங்கே இருக்கும் என்று ஊகித்து வரைகிறது. நேராக ஓடும்போது ஊகம் ஓரளவு சரியாக இருக்கும். திசை மாற்றத்தில், கார் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சட்டென்று புரளும் அந்த ஒரு நொடியில், ஊகம் தவறி, கார் துள்ளித் தன் இடத்துக்கு வருவது கண்ணுக்கே தெரியும். நடுவர்கள் அந்தத் துள்ளலை ஓட்டுநரின் தடுமாற்றம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதற்கு மூன்று வழிகள் எங்கள் முன் இருந்தன. அருகில் இருப்பவரின் இணைப்புக்கு சர்வரிலேயே செயற்கையாகத் தாமதம் சேர்த்து இருவரையும் சமமாக்குவது ஒன்று. லினக்ஸில் இது முடியும். ஆனால் சமமாவதற்காக இருவருடைய இடைவெளியும் கூடிவிடுகிறது; நன்றாக இருந்த இணைப்பைக் கெடுத்துவிட்டு நியாயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு ஜோடிக்கும் திருத்தக் கணக்கு போட்டு, நடுவர் பார்த்ததிலிருந்து கழிப்பது இன்னொன்று. அது தாளில் அழகாக இருக்கும். நேரலையில் யாருக்கும் புரியாது. நாங்கள் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தோம்: நெருக்கத்தைத் துரத்துகிறவரின் திரையில் பார்த்துத் தீர்ப்பளிப்பது. அவர் எதைப் பார்த்து ஓட்டினாரோ, எந்த இடைவெளிக்காகப் பிரேக்கைத் தொட்டாரோ, அதையே நடுவரும் பார்க்கிறார். சிங்கப்பூரில் இருந்தாலும் சிந்தாதிரிப்பேட்டையில் இருந்தாலும் ஒரு மீட்டர் ஒரு மீட்டராகவே தெரியும்.

முன்னே போகிறவரின் பாதையும் கோணமும் நடுவர் திரையிலிருந்தே எடுக்கலாம். தாமதமாக வந்தாலும், பட்டையின் மேல் போன சக்கரம் பட்டையின் மேல்தான் தெரியும்.

இடித்தால் யார் குற்றம் என்பதற்கும் இதே விதி பொருந்தியது. ஒவ்வொரு கணினியும் தன் காரின் இயக்கத்தை மட்டும்தான் முழுமையாகக் கணக்கிடுகிறது. துரத்துகிறவர் தன் திரையில் முன் காரை இடித்தால் பெரும்பாலும் அவர்தான் சுழன்று போவார். முன்னே போகிறவருக்கு ஒன்றும் தெரியாமலே இருக்கலாம்.

நடைமுறையில் இப்படிச் செய்தோம். துரத்துகிறவர் தன் திரையை டிஸ்கார்டில் 720 தரத்தில் பகிர்வார். அந்தக் காணொளி நடுவரை ஓரிரு நொடி பிந்தி அடைந்தாலும் பாதகமில்லை. படத்தில் இருக்கும் இரண்டு கார்களும் ஒன்றாகவே பிந்துகின்றன, இடைவெளி மாறாது. கார்களின் மேலிருந்து பார்க்கும் கோணம் கூடாது, காரின் முன்மூடியிலிருந்து பார்க்கும் பானட் கேமரா மட்டும். ஐயம் எழுந்தால் அவரவர் கணினி சேமித்த ரீப்ளே கோப்பை வாங்கிப் பார்க்கலாம். அதிலும் அவரவர் கண்டதே பதிவாகியிருக்கும். திரையைப் பகிரும்போது பதிவேற்ற வேகத்தில் பெரும்பகுதி போய்விடுவதால், வைஃபையில் இருந்தவர்களின் தாமதம் எகிறியது. கம்பி இணைப்பு கட்டாயம் என்று விதிப்புத்தகத்தில் சேர்த்தோம். கம்பி வாங்க முடியாதவர்களுக்குச் சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து நாங்களே வாங்கி அனுப்பினோம்.

ரிச்சி ஸ்ட்ரீட்டைச் சொன்னதும் பரிசைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நுழைவுக் கட்டணம் வாங்குவதில்லை, பணப் பரிசு கொடுப்பதில்லை என்பதில் தொடக்கம் முதலே தெளிவாக இருந்தோம். பணம் கட்டிப் பணம் வெல்லும் இணைய ஆட்டங்களை 2025-ஆம் ஆண்டுச் சட்டம் நாடு முழுவதும் தடைசெய்கிறது. நம் போட்டி அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூடப் போகக் கூடாது. பரிசாக வேளச்சேரி நண்பர் தன் கையால் ஒரு ஹேண்ட் பிரேக் செய்தார். இரும்புப் பட்டையில் நெம்புகோல், அதன் அடியில் எடை உணரும் லோடு செல், அதன் சமிக்ஞையைப் பெருக்கும் எச்எக்ஸ்711 பலகை, கணினிக்கு யுஎஸ்பி விளையாட்டுக் கருவியாகத் தன்னைக் காட்டிக்கொள்ளும் சிறிய ஆர்டுயினோ. இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. சந்தையில் கிடைக்கும் எச்எக்ஸ்711 பலகைகளில் பலவற்றில் சில்லின் வேகத்துக்கான கால் (RATE), மின்சுற்றின் தரை முனையோடு (GND) இணைக்கப்பட்டிருக்கும். அப்படியானால் அது நொடிக்கு 10 முறைதான் அளக்கும். டிரிஃப்டில் கையை இழுத்துப் பத்தில் ஒரு நொடி கழித்துச் சக்கரம் பூட்டினால் வளைவு முடிந்துபோயிருக்கும். அந்தக் காலைத் தரை முனையிலிருந்து மெல்ல விடுவித்து மின்னழுத்தக் காலோடு பற்றவைத்தால் நொடிக்கு 80 முறை அளக்கும். நுண்ணிய பற்றவைப்பு, நண்பர் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துக்கொண்டு செய்தார்.

போட்டி நாள்

ஞாயிற்றுக்கிழமை மாலை 6 மணி. யாழ்ப்பாணத்தில் அதே நேரம், சிங்கப்பூரில் 8.30. பராமரிப்புக்கான மின்தடை பட்டியலில் எங்கள் யாருடைய பகுதியும் இல்லை என்று முன்பே பார்த்துக்கொண்டோம். ஆனாலும் நடுவர்கள் மூவர் வீட்டிலும் ரூட்டருக்கான 12 வோல்ட் சிறு யுபிஎஸ் வைத்திருந்தோம். அது வீண் போகவில்லை. காலிறுதி நடக்கும்போது குரோம்பேட்டை நடுவர் வீட்டில் மின்சாரம் போனது. அவருடைய மடிக்கணினியும் ரூட்டரும் தொடர்ந்து ஓடின; அவர் இருட்டில் உட்கார்ந்து தீர்ப்பு எழுதி அனுப்பினார்.

வர்ணனை தமிழில்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். வியாசர்பாடியில் டென்னிஸ் பந்து கிரிக்கெட் போட்டிகளுக்கு மைக் பிடிக்கும் ஒரு தம்பி ஒப்புக்கொண்டார். டிரிஃப்ட் பற்றி அவருக்கு அதுவரை தெரியாது. பயிற்சி ஓட்டங்களைப் பார்த்துப் பார்த்துத் தானே சொற்களைச் சேர்த்துக்கொண்டார். "பட்டையைத் தொட்டார், தொட்டார், விடவில்லை... இப்போது புரட்டுகிறார், பின்னால் இருப்பவரும் கூடவே புரட்டுகிறார்" என்று அவர் ஏற்றிக்கொண்டு போகும்போது, எதைக் கவனிக்க வேண்டும் என்பது புதிதாகப் பார்க்க வந்தவர்களுக்கும் தெரிந்துவிட்டது. நம் மொழியில் கேட்கும்போது இந்த விளையாட்டு எவ்வளவு நெருங்கி வருகிறது என்பதை அன்று நேரில் கண்டேன்.

தகுதிச் சுற்றில் முதலிடம் மதுரையைச் சேர்ந்த ஒரு பெண்மணிக்கு, எல்லோருக்கும் அக்கா. முதல் சுற்று முதலாமவருக்கும் பதினாறாமவருக்கும், இரண்டாமவருக்கும் பதினைந்தாமவருக்கும் என்று இரு எண்களின் கூட்டுத்தொகை 17 வரும்படி அமையும். அதில் பலமானவர்கள் தொடக்கத்திலேயே மோதிக்கொள்ள மாட்டார்கள். அக்கா காலிறுதி வரை தடுமாறாமல் வந்தார்.

எல்லோர் மனத்திலும் நிற்பது ஓர் அரையிறுதி. திருவொற்றியூரைச் சேர்ந்த கல்லூரி மாணவர், கையில் சாதாரண கேம்பேட். எதிரே சிங்கப்பூரில் ஸ்டீயரிங், பெடல், தனி ஹேண்ட் பிரேக் எல்லாம் வைத்திருப்பவர். கேம்பேடுக்கு விளையாட்டு கொடுக்கும் ஸ்டீயரிங் உதவியை அனுமதிக்கலாமா என்று முன்பே பெரிய விவாதம் நடந்திருந்தது. அனுமதித்தோம். அது சுழன்று போகாமல் காக்கும். ஆனால் கோணத்தை நுணுக்கமாக மாற்ற விடாது. இரண்டும் ஈடாகிவிடுகின்றன என்பது என் எண்ணம்.

சிங்கப்பூர்க்காரர் துரத்திய ஓட்டம். நேரலையில் போன நடுவர் திரையில் அவர் இரண்டரை மீட்டர் தள்ளிப் போவதாகத் தெரிந்தது. அரட்டைப் பகுதியில் மாணவருக்கு வாழ்த்துகள் குவிந்தன. துரத்தியவரின் சொந்தத் திரையில் காட்சி வேறு. திசை மாற்றத்தில் அவருடைய இடது முன்சக்கரம், மாணவர் காரின் கதவுக்கு நேராக வந்து, கொண்டை ஊசி வளைவின் கம்பம் வரை அங்கேயே நின்றது. பானட்டின் ஓரத்தில் மாணவர் காரின் பக்கக் கண்ணாடி அசையாமல் தெரிந்துகொண்டே இருந்தது. இரண்டு நடுவர்கள் மறு ஓட்டம் என்று எழுதினார்கள், ஒருவர் சிங்கப்பூர்க்காரருக்குக் கொடுத்தார். மாணவர் பேச்சு அறைக்கு வந்தார். "அண்ணா, நேரலையில் அவர் தூரமாகத்தானே வந்தார்?" என்று கேட்டார். அந்தத் திரைப் பதிவை அவருக்கு அனுப்பினோம். பார்த்துவிட்டு, "இவ்வளவு பக்கத்தில் வந்தது எனக்குத் தெரியவே தெரியாது, அண்ணா. சரி, ஓடுகிறேன்" என்றார். மறு ஓட்டத்தில் சிங்கப்பூர்க்காரர் வென்று, இறுதியிலும் ஓசூர்க்காரரை வென்று ஹேண்ட் பிரேக்கைப் பெற்றார். மூன்றாம் இடத்துக்கான ஓட்டத்தில் மாணவர் வென்றார்.

அடுத்த முறை மாற்றப்போவது: நேரலைப் பார்வையாளர்களுக்கும் துரத்துகிறவரின் திரையை ஒரு மூலையில் காட்ட வேண்டும். நடுவர்கள் காண்பதும் மக்கள் காண்பதும் வேறாக இருந்தால், தீர்ப்பு எவ்வளவு சரியாக இருந்தாலும் ஐயம் கிளம்பும். நேரலைக்குப் பயன்படுத்தும் ஓபிஎஸ் மென்பொருளில் இரண்டாவது காட்சியைச் சேர்ப்பது கடினமில்லை. டிஸ்கார்டின் தாமதத்துக்கு ஏற்ப முதன்மைக் காட்சியையும் பிந்தச் செய்து இரண்டையும் பொருத்த வேண்டும், அந்த வேலை நடந்துகொண்டிருக்கிறது. கேம்பேடுக்குத் தனிப் பிரிவு வேண்டும் என்ற கோரிக்கையை ஏற்கவில்லை. ஓட்டங்களின் ரீப்ளே கோப்புகள், விதிப்புத்தகம், சர்வர் அமைப்புக் கோப்பு எல்லாவற்றையும் பங்கேற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டோம். யாழ்ப்பாணத்து அணியினர் அதை வைத்துத் தங்கள் ஊரில் ஒன்று நடத்தத் திட்டமிடுகிறார்கள்.

அடுத்த போட்டி பொங்கலுக்குப் பிறகு. 32 பேர் வரை எடுக்க விரும்புகிறோம், அதற்கு நடுவர்கள் கூடுதலாகத் தேவை. மூவர் மட்டும் இடைவேளையின்றி அத்தனை ஜோடிகளையும் பார்த்தால் கடைசியில் கண் களைத்துவிடும். நன்றாக ஓட்டத் தெரிந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பந்தயத் தடத்தில் மார்ஷலாக நின்றவர்கள், கபடியிலோ சிலம்பத்திலோ நடுவராக இருந்தவர்கள் என்று யார் வந்தாலும், எதை எந்தத் திரையில் பார்க்க வேண்டும் என்பதை ஒரு மாலையில் சொல்லிக் கொடுத்துவிடுவோம்.